எதை வைத்து எழுதச் சொல்வது

பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம். வாந்தி நின்றது.

அதற்கு முன்னால் தினமும் இதே கதைதான். சீருடை போட்டதும் வாந்தி. டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். நயமாகக் கேட்டோம், அதட்டிக் கேட்டோம். தலையைக் குனிந்துகொள்வாள். நான்காம் வகுப்பு பாதியில் என் மனைவிதான் முடிவு சொன்னாள்.

"போதும். வூட்லயே படிக்கட்டும். நான் சொல்லித் தரேன்."

நான் மறுக்கவில்லை. என் படிப்பு ஐந்தாவதோடு சரி. அவள் தென்னேரிக்காரி, பன்னிரண்டு முடித்தவள். படிப்பு விஷயம் அவளுக்குத் தெரியும்.

அக்கா வீட்டில் இருந்தால் சின்னவள் எப்படிப் போவாள்? அவளும் பையை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு வாந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருத்திக்கு என்று ஆரம்பித்தது இரண்டு பேருக்கும் ஆனது.

பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிக்காரர் தெருக்கள். அங்கே பத்து மணிக்கு ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் ஜனங்கள் ஒன்றுதான் நினைப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட்டே விட்டார்.

"இன்னாபா, பொண்ண தறியில குந்த வெச்சிட்டியா? சொல்லவே இல்ல."

"படிக்குதுண்ணா."

"வூட்லயா? யாரு வாத்தியாரு, நீயா?"

சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. என்னை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். அவரையும்தான்.

கணக்கு சிரமமில்லை. இரண்டு பிள்ளைகளும் இழை எண்ணுகிற வீட்டில் பிறந்தவர்கள். பெரியவள் நன்றாக வாசிக்கவும் செய்வாள். பஸ்ஸில் எழுதியது, கோயில் சுவரில் ஒட்டியது, மளிகை மடித்து வரும் காகிதம், எல்லாம் வாசிப்பாள். எழுத்துதான் வராது. பென்சிலைக் கையில் கொடுத்தால் கை அப்படியே நின்றுவிடும். எதை வைத்து இவளை எழுத வைப்பது என்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது.

முதலில் வந்தவை சென்னைப் புத்தகங்கள். சென்னையில் இருக்கிற என் மனைவியின் அண்ணி, தன் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவர். அவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அதற்கு ஒரு குழு இருக்கிறதாம். ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் பரப்பினார்.

"இது ரைட்டிங். இது ஸ்பெல்லிங். ரெண்டும் தனித்தனி கரிகுலம். மிக்ஸ் பண்ணிடாதே."

"கலந்தா இன்னா ஆவும் அண்ணி?"

"குழந்தை கன்ஃப்யூஸ் ஆயிடும்."

"அது இப்பவே அப்படித்தான் இருக்குது," என்றாள் என் மனைவி.

ஸ்பெல்லிங் புத்தகத்தில் வாரத்துக்கு ஒரு பட்டியல். திங்கள் பார்க்க வேண்டும், செவ்வாய் பார்த்து எழுத வேண்டும், வெள்ளி பரீட்சை. ரைட்டிங் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு படமும் ஒரு கேள்வியும். பனி கொட்டுகிற காட்டில் நீ தொலைந்துவிட்டாய், என்ன செய்வாய், எழுது. எல்லாம் இங்கிலீஷ். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"தமிழுக்கு இன்னா புத்தகம்?"

"தமிழ்தான் பேசறாளே. அது தானா வந்துடும்."

எனக்கு அப்படித் தானாக வரவில்லை. இன்றைக்கும் எந்த ல, எந்த ள என்று நின்று யோசித்துதான் எழுதுகிறேன். ஆனால் வந்தவரிடம் இதைச் சொல்வானேன்.

சின்னவளுக்கு அந்தப் புத்தகங்கள் ஒத்துக்கொண்டன. அவளுக்கு எதைக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளும். பனியில் தொலைந்தால் போன் பண்ணுவேன் என்று பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக எழுதினாள். பெரியவள் பட்டியலைப் பார்த்தாள். வெள்ளி பரீட்சை என்ற இடத்தில் விரலை வைத்தாள். புத்தகத்தை மூடினாள். அடுத்த நாள் காலை மறுபடி வாந்தி. புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன்.

முதலில் தமிழ், பிறகு மற்றது என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

அடுத்தது போன் பாடம். அதில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. நான் நெய்வது கோர்வைச் சேலை. கரை தனியாக, உடல் தனியாக ஓட வேண்டும். ஒரு பக்கக் கரைக்கு நாடா போட, அதாவது குறுக்கு நூல் குழலைத் தள்ளிவிட, என் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனால் தறி நிற்கும். போன் பாடம் என்றால் பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு தானே பார்த்துக்கொள்ளும்.

போனில் ஓர் அம்மா பாட்டுப் பாடி எழுத்து சொல்லிக் கொடுத்தார். பிறகு கேள்வி. எது சரியான சொல் என்று விரலால் தொட வேண்டும். பெரியவள் ஒன்றுகூடத் தப்பாகத் தொடவில்லை. நட்சத்திரமாகக் கொட்டியது. என் மனைவி எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வந்து, அதே சொல்லைத் தாளில் எழுதச் சொன்னாள். கை நின்றுவிட்டது.

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. எது சரி என்று தெரிவது வேறு, எழுதுவது வேறு. பட்டுக்கடையில் நல்ல சேலையைக் காட்டு என்றால் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். நெய்யச் சொன்னால் முடியுமா?

பிறகு என் மனைவி தன் வழியில் இறங்கினாள். அவள் படித்த வழி. பாடப்புத்தகத்தில் தினம் ஒரு பக்கம் பார்த்து எழுதுவது. பெரியவள் எழுதினாள். கை ஓடியது. எழுத்து ஒழுங்காகக்கூட ஆனது. புத்தகத்தை மூடினால் கையும் மூடிக்கொண்டது.

"பாத்து எழுதுறா. பாக்காம எழுதமாட்டேங்கறா," என்றாள் என் மனைவி. "சொந்தமா ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை எழுதினா போதும் எனக்கு."

நான் தலையிட்டது அதற்குப் பிறகுதான்.

சேலையில் பூவோ யானையோ வர வேண்டுமென்றால் முதலில் கட்டத்தாளில் போடுவார்கள். ஒரு கட்டம் ஓர் இழை. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தறிக்கு அட்டை குத்துவார்கள். அட்டை குத்துகிற கடையில் வீணான தாள்கள் கொஞ்சம் வாங்கி வந்தேன். ஒரு மத்தியானம் அதில் 'அம்மா' என்று கட்டம் கட்டமாக நிரப்பிக் காட்டினேன். பெரியவள் பார்த்தாள். என் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். அவளாக வாங்கினாள்.

அன்றிலிருந்து அதுதான் பாடம். நான் மாதிரி போட்டுக் கொடுப்பேன். அவள் நிரப்புவாள். கொஞ்ச நாளில் மாதிரியே கேட்கவில்லை. 'பாவு', 'ஜரிகை', பஸ் பலகையில் பார்த்த 'திருப்புட்குழி' என்று அவளே யோசித்துப் போட்டாள். சுற்றிலும் மாங்காய்க் கரை வேறு. என் மனைவி ஒவ்வொன்றையும் சுவரில் ஒட்டினாள். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

"அண்ணிகிட்ட சொல்லணும். அவங்க கரிகுலம் பரண் மேல இருக்குது, எங்க கரிகுலம் செவுத்து மேல இருக்குதுன்னு."

அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

ஆடி மாதம் தாண்டி ஒரு டீச்சர் வந்தார். பக்கத்து அரசுப் பள்ளியில் வேலை. பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நெசவு வீடு, இரண்டு பிள்ளைகள், பள்ளி நேரம். அவர் முதலில் பார்த்தது தறியை. பிறகு பிள்ளைகளின் விரல்களை. நூல் அறுத்த தடம் இருக்கிறதா என்று பார்த்தார். அது அவர் வேலை. என் மனைவி வாந்திக் கதையைச் சொன்னாள்.

"வீட்டிலேயே படிக்கிறாங்கன்னா எனக்கு ஒரு ஆதாரம் வேணும்மா. பாப்பா, இங்க வா. காலையில என்ன சாப்பிட்டேன்னு எழுதிக் காட்டு, பார்க்கலாம்."

வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுத்தார். பெரியவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டம் இல்லியே."

"கட்டம் எதுக்கு? சும்மா எழுது."

பெரியவள் போய் ஸ்கேல் எடுத்து வந்தாள். தாளில் கட்டம் போட ஆரம்பித்தாள். டீச்சர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி காபி போட்டுக் கொண்டுவந்தாள். காபி தீர்ந்தது. கட்டமும் முடிந்தது. பெரியவள் கீழ் வரிசையில் அங்கங்கே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள்.

"இது என்னம்மா?"

"காலு."

"எதோட காலு?"

"எல்லா எழுத்தோட காலும்."

"தலை எப்ப வரும்?"

"மேல போனா வரும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தறியைப் பார்த்தேன்.

தறியில் சேலை கீழிருந்துதான் வளரும். ஒரு ஊடை, அதாவது ஒரு குறுக்கு இழை, ஓடினால் எல்லாப் பூவுக்கும் ஒரு வரி சேரும். முதலில் எல்லாக் காலும், கடைசியில் எல்லாத் தலையும். என் பெண் சொற்களை நெய்துகொண்டிருந்தாள். அத்தனை நாளும் பக்கத்தில் இருந்து பார்த்தோம். எனக்கும் என் மனைவிக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள்.

டீச்சர் கடுமையாகப் பேசவில்லை. சுவரைப் பார்த்து, "அழகா வரையறா" என்றார். எழுதுகிறாள் என்று சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"பொங்கல் கழிச்சு வருவேன். சொந்தமா ஒரு பக்கம் எழுதிக் காட்டினா வீட்ல படிக்கிறான்னு நான் குறிச்சுக்கறேன். இல்லன்னா பெரியவளைப் பள்ளியில சேர்த்தே ஆகணும். எனக்கு வேற வழி கிடையாதுங்க."

என் மனைவி அன்றைக்குச் சாயங்காலம் சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றினாள். பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினாள். கடையில் இன்னும் இரண்டு வாங்கினாள். கட்டுரைப் பயிற்சி ஒன்று, பிழையின்றி எழுத ஒன்று. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று வைத்தாள். பெரியவள் சாப்பிடுகிற சோறு குறைந்துகொண்டே வந்தது.

"விட்டுடு," என்றேன்.

"விட்டுட்டு? எதை வெச்சு எழுதச் சொல்றது?"

"ஒண்ணும் வேணாம். கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்."

"நீ தறியில குந்திக்கினு சுலபமா சொல்லிடுவ. கூட்டிக்கினு போயி அந்த பெஞ்சுல மறுபடி உட்கார வெச்சா எடுக்கப்போற வாந்திய நீயா அள்ளப்போற?"

நான் தறிக்குத் திரும்பினேன். ஆனால் அவளும் விட்டாள். களைத்துப் போயிருந்தாள்.

பெரியவளுக்குப் பாடம் நின்றது. சின்னவள் மட்டும் தன் பாட்டுக்குச் சென்னைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மார்கழி முடியப்போகிற சமயம். நான் ஜரிகை தீர்ந்து குழல் மாற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டும் கூடத்தில். ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று எழுதச் சொல்லிப் புத்தகத்தில் இருந்திருக்கிறது. சின்னவள் எழுதி, சத்தமாகப் படித்தாள்.

"அப்பா தறியில் உட்காருவார். தறி சேலை செய்யும். அப்பா மடிப்பார். முற்றும்."

பெரியவள் எழுந்து வந்தாள்.

"அறிவு இருக்குதாடி? தறி செய்யுமா? அப்ப அப்பா இன்னா பண்றாரு?"

"உக்காந்துக்கினு இருக்காரு. நீ பாக்கலியா?"

"பாவு ஏத்தறது? நாடா போடறது? மிதிக்கறது?"

"அதெல்லாம் எழுதினா பக்கம் பத்தாது."

"பத்தும்."

"அப்ப நீயே எழுதேன். அய்யோ, மறந்துட்டேன். உனக்குத்தான் எழுதவே வராதே!"

பெரியவள் பென்சிலைப் பிடுங்கினாள். தலையில் ஒரு குட்டு வைத்தாள். சின்னவள் ஊளையிட்டாள். பெரியவள் அந்தத் தாளையே திருப்பிப் போட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். கட்டம் போடவில்லை. ஸ்கேலைத் தேடவில்லை.

நான் குழலைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். சமையலறையிலிருந்து வந்த என் மனைவியைக் கையைக் காட்டி நிறுத்தினேன். சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு, தலையைத் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஏய், நாடாவுக்கு இந்த 'னா'வா போடுவாங்க?"

"போடி."

ஒரு பக்கம் நிரம்பியது. எழுத்து கோணல் மாணலாக ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு இருந்தது. பார்த்து எழுதிய எழுத்தின் அழகு அதில் இல்லை. என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

தறி சும்மா இருக்கும். அப்பாதான் நெய்வார். காலால் மிதிப்பார். கையால் நாடா போடுவார். அம்மா கரைக்கு நாடா போடுவாள். அம்மா இல்லாவிட்டால் தறி ஓடாது. அப்பா பேசமாட்டார். பாவு நூல் அறுந்தால் அப்பாவுக்குக் கண் தெரியாது. நான்தான் பார்ப்பேன். நானே உள்ளே போய் முடிச்சு போடுவேன். என் விரல் சின்னது.

இன்னும் இருந்தது. என் மனைவி அந்த இடத்தோடு நின்றுவிட்டாள். முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது.

அது உண்மைதான். அறுந்த இழை ஒரு வருஷமாக எனக்குத் தெரிவதில்லை. பெரியவளைக் கூப்பிடுவேன். ஒரு நிமிஷ வேலை. வேலை என்றே நாங்கள் நினைத்ததில்லை. டீச்சருக்கு அது வேறு மாதிரி இருக்கும். பள்ளி நேரத்தில் தறிக்குள் பெண்பிள்ளை. பிள்ளை தன் கையாலேயே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி.

"கண்ணு," என்றாள் என் மனைவி. "எல்லாம் ரொம்ப நல்லா இருக்குது. இந்த மூணு வரிய மட்டும் அழிச்சிடுமா."

"ஏன்? தப்பா எழுதிட்டனா?"

"தப்பு இல்ல. வேணாம், அவ்ளோதான்."

"நெசந்தானே மா?"

"நெசந்தான். எல்லா நெசத்தையும் எழுதணுமா?"

ரப்பரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். பெரியவள் ரப்பரைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள். தலை குனியவில்லை. நேராகப் பார்த்தாள்.

நான் சீக்கிரம் யோசிக்கிறவன் இல்லை. அன்றைக்கும் நேரம் பிடித்தது. அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவாள். டீச்சர் வந்து பார்த்து, சரி என்று போய்விடுவார். வீட்டில் இருக்கலாம். ஆனால் இத்தனை நாள் கெஞ்சி, எழுது எழுது என்று சொல்லிவிட்டு, எழுதியதும் அழி என்றால் அந்தக் கை இனிமேல் ஓடுமா? ஓடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அழிக்காவிட்டால் பிள்ளையை மறுபடி அந்தப் பள்ளிக்கே கூட்டிக்கொண்டு போவார்கள். இரண்டில் எது பெரியது என்று யாரைக் கேட்பது?

"இருக்கட்டும்," என்றேன்.

"நீ சொல்லுவ. கூட்டிக்கினு போயிட்டா?"

"போனா பாத்துக்கலாம். ரப்பர உள்ள வை."

என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கரைக்கு நாடா போட மட்டும் வந்து உட்கார்ந்தாள்.

பொங்கல் கழிந்து டீச்சர் வந்தார். தாளைக் கொடுத்தோம். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே இருங்க. சின்னவளையும் கூட்டிக்கோங்க. நான் இவகிட்ட தனியா பேசணும்."

தெருவில் போய் நின்றோம். மற்ற வீடுகளில் தறி ஓடுகிற சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாபா, உன் வூட்லேந்து உன்னையே தள்ளிட்டாங்களா?"

"பரீட்சை நடக்குதுண்ணா."

"யாருக்கு?"

என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் அவள் அப்படி நின்றது அதுவே முதல் தடவை.

கூப்பிட்டதும் உள்ளே போனோம். டீச்சர் தாளை மடியில் வைத்திருந்தார்.

"யாராவது எழுதிக் கொடுத்திருந்தா இந்த வரி இதுல இருந்திருக்காது," என்றார். "அவளா எழுதியிருக்கா. அதை நம்பறேன். ஆனா இந்த வரியே எனக்குப் பிரச்சினை."

"தெரியுங்க," என்றேன்.

"தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?"

"அவ எழுதினது."

அவர் தன் நோட்டில் எதையோ குறித்தார். பிறகு சொன்னார். பெரியவள் வீட்டிலேயே படிக்கலாம். ஆனால் பள்ளி நேரத்தில் தறிப்பக்கம் போகக்கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். ஒரு தடவை பார்த்துவிட்டாலும் பள்ளிதான். பின்னால் எட்டாவது பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத வைக்க வேண்டும். சின்னவளை ஜூனில் சேர்த்தே ஆக வேண்டும், அவளுக்கு வீட்டில் இருக்க ஒரு காரணமும் இல்லை. "நீங்க முதல்ல கண்ணாடி போடுங்க," என்று என்னிடம் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் சரி என்றோம்.

பெரியவள் நடுவில் வந்து நின்றாள். "டீச்சர், அதுல தப்பு ஏதாவது இருக்குதா?"

"முடிச்சு போடற வரியில ஒண்ணும் இல்ல. மேல ரெண்டு இடத்துல இருக்கு. காட்டட்டா?"

காட்டினார். பெரியவள் அங்கேயே நின்று திருத்தினாள். ஒரு வெளி ஆளுக்கு முன்னால். என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். காபி போடத்தான் போனாள் என்று நினைத்தேன். காபி வரவில்லை.

சின்னவள் ஜூனில் பள்ளிக்குப் போனாள். முதல் நாளே மூன்று சிநேகிதிகளோடு வந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டேன். முடிச்சு நானே போடுகிறேன். நேரம் பிடிக்கிறது, பரவாயில்லை. டீச்சர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எந்தப் புத்தகம் நல்லது என்று என் மனைவி இன்னமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். எது வந்தாலும் பெரியவள் புரட்டிப் பார்க்கிறாள். வேண்டியதை எடுத்துக்கொள்கிறாள், மற்றதை விட்டுவிடுகிறாள். பிழை நிறைய இருக்கிறது. அவள் அம்மா ஓரத்தில் சின்னதாகக் குறித்து வைப்பாள். அவளாகக் காட்டுகிற தாளில் மட்டும்.

எல்லாத் தாளையும் அவள் காட்டுவதில்லை. எழுதும்போது நான் அந்தப் பக்கம் போனால் கையால் மூடிக்கொள்கிறாள். நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.